செக் எஞ்சின் லைட் எரியுதா? ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றும் முன் ஹீட்டர் சர்க்யூட்டை இப்படி செக் பண்ணுங்க!

காலையில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். எஞ்சின் சத்தத்தில் மாற்றம் இல்லை, பிக்கப்பும் குறையவில்லை. ஆனால் மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் படம் மட்டும் அணையாமல் எரிகிறது. மெக்கானிக்கிடம் கொண்டு போனால் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் பல நேரம் இதுதான்: "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்."

சென்சாரின் விலை காரைப் பொறுத்து சில ஆயிரங்கள். அதைக் கொடுத்து மாற்றினால் லைட் அணைந்துவிடுமா? ஸ்கேனரில் வந்தது 'ஹீட்டர் சர்க்யூட்' கோடு என்றால், அணையலாம், அணையாமலும் போகலாம். ஏனென்றால் அந்தக் கோடு சென்சார் கெட்டுப்போச்சு என்று சொல்லவே இல்லை. சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டருக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. தவறு சென்சாரில் இருக்கலாம். ஃபியூஸ், ரிலே, ஒயர், கனெக்டர் என்று வழியில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

திருச்சியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். புது சென்சார் மாட்டி, பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள் அதே லைட். இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒயரை எலி கடித்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய சென்சாரில் எந்தக் குறையும் இல்லை!

சென்சாருக்கு எதற்கு ஹீட்டர்?

ஆக்ஸிஜன் சென்சார் சைலன்சர் பைப்பில், எஞ்சினுக்குப் பக்கத்தில் திருகி வைக்கப்பட்டிருக்கும். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்பதை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இதன் வேலை. பெட்ரோல் அதிகமாகப் போனால் சுமார் 0.9 வோல்ட், குறைவாகப் போனால் சுமார் 0.1 வோல்ட் என சிக்னல் அனுப்பும். அதைப் பார்த்துத்தான் காரின் கம்ப்யூட்டரான ஈசியூ, பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

ஒரு சிக்கல் என்னவென்றால், இதன் உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் சூடானால்தான் வேலை செய்யும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். ஆரம்பகாலச் சென்சார்களுக்கு ஹீட்டர் கிடையாது. 1976-ல் பாஷ் நிறுவனம் இந்தச் சென்சாரைத் தயாரிக்கத் தொடங்கியபோது, புகையின் சூட்டில்தான் அது சூடாக வேண்டியிருந்தது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். சிக்னலில் நின்றால் மறுபடி ஆறியும் போகும். பிறகு 1980-களில் சென்சாருக்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வந்தது. இப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆன ஒரு நிமிடத்துக்குள்ளாகவே சென்சார் தயாராகிவிடுகிறது.

ஹீட்டர் செத்துப்போனால் என்ன ஆகும்? சென்சார் தயாராகும்வரை ஈசியூ குத்துமதிப்பாக, கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோல் விடும். ஹைவேயில் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம், ஏனென்றால் புகைச் சூடே போதும். ஆனால் தினமும் ஸ்கூல், மார்க்கெட், ஆபீஸ் என்று 3, 4 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மைலேஜ் குறையும், புகையும் கூடும். புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது 'வைட்பேண்ட்' அல்லது 'ஏர் ஃபியூல்' வகைச் சென்சார். இதற்கு 650 டிகிரிக்கும் மேல் சூடு தேவை. இந்த வகையில் ஹீட்டர் போனால் புகைச் சூட்டை நம்பிச் சமாளிக்க முடியாது.

காரை ஓட்டலாமா, நிறுத்தணுமா?

லைட் அசையாமல் எரிந்து, காரும் சாதாரணமாக ஓடினால் பயப்பட வேண்டாம். வீட்டுக்கோ, ஒர்க் ஷாப்புக்கோ ஓட்டிப் போகலாம். அதே லைட் விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்பதற்கான எச்சரிக்கை. உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

ஹீட்டர் கோடுதானே என்று மாதக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. மைலேஜ் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டே இருந்தால், நாளை இதைவிடப் பெரிய கோளாறு வரும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எச்சரிக்க வேண்டிய விளக்குதான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறதே!

கோடு என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி 2 விதி வந்துவிட்டதால், அதன்பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டு ஓரத்தில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரை அதில் மாட்டினால், மொபைல் ஆப்பிலேயே கோடைப் படிக்கலாம். மெக்கானிக் ஸ்கேன் செய்தால், "சென்சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். கோடு நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பி0135 என்றால் முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். பி0141 என்றால் இரண்டாவது சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது முதல் சென்சார், பின்னால் இருப்பது இரண்டாவது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு, நன்றாக இருக்கும் சென்சாரைக் கழற்றிப் போடுவதும் நடக்கிறது. வி6 மாதிரி எஞ்சின்களில் இரண்டு பக்கம் இருப்பதால் பி0155, பி0161 ஆகியவையும் வரலாம். நம் ஊரில் ஓடும் சின்ன கார்களுக்கு அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை.

முதல் சென்சாருக்கே பி0030, பி0031, பி0032 என்று இன்னொரு குடும்பமும் உண்டு. இரண்டாவதுக்கு பி0036, பி0037, பி0038. இதில் 31, 37 வந்தால் ஹீட்டரில் கரண்ட் ஓடவில்லை என்ற திசையில் தேடத் தொடங்கலாம்: ஃபியூஸ், அறுந்த ஒயர், எரிந்த ஹீட்டர். 32, 38 வந்தால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை.

இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பி0135, பி0141 இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டு சென்சாரையும் மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். இரண்டு ஹீட்டர்கள் ஒரே நாளில் சாவது ரொம்ப அபூர்வம். இரண்டுக்கும் கரண்ட் பெரும்பாலும் ஒரே ஃபியூஸ் வழியாகத்தான் வரும். முதல் சந்தேகம் அங்கேதான்.

ஃபியூஸில் தொடங்குங்கள்

இனி வருவது, கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது. கார் வாரன்டியில் இருந்தால் ஒயரில் கை வைக்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய்விடுவது நல்லது. மற்றவர்களும் எஞ்சின் முழுசாக ஆறிய பிறகே தொடங்கவும். சைலன்சர் பைப் சூடு சாதாரணச் சூடு கிடையாது. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் வேண்டும், அல்லது லிஃப்ட் இருக்கும் ஒர்க் ஷாப் வேண்டும்.

பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். ஆக்ஸிஜன் சென்சார் என்றே எழுதியிருக்கலாம், அல்லது எஞ்சின் கன்ட்ரோல் என்ற பொதுப் பெயரில் இருக்கலாம். கழற்றிப் பார்த்தால் எரிந்தது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்.

ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடுங்கள். 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவது, கம்பியைச் சுற்றிவிடுவது எல்லாம் காருக்கே நெருப்பு வைக்கும் வேலை. புது ஃபியூஸும் உடனே போனால் ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது, அல்லது ஹீட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். இப்போது எரியாவிட்டால் சந்தேகம் சென்சார் மேல். அப்போதும் எரிந்தால் ஒயரிங் மேல்.

அடுத்து கண்ணால் பார்ப்பது

பல மெக்கானிக்குகள் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். சென்சாரிலிருந்து வரும் ஒயரை அது போய்ச் சேரும் கனெக்டர் வரை கையோடு பின்தொடருங்கள். கிளிப் உடைந்து ஒயர் தொங்கி, சைலன்சரில் பட்டு உருகியிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? கொஞ்ச நாள் ஒரே இடத்தில் நிற்கும் கார்களில் எலிதான் முதல் எதிரி. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே ஈரம், பச்சைக் களிம்பு இருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மழைக்காலம் முடிந்து இந்தக் கோடு வந்தால் தண்ணீரைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது சென்சாரின் கனெக்டர் பல கார்களில் அடிப்பக்கம், தண்ணீர் தெறிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கொதிக்கும் சூட்டில் இருக்கும் சென்சார் மேல் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே பீங்கானே விரிசல் விடலாம். தேங்கிய தண்ணீரில் காரை இறக்குபவர்கள் கவனிக்க.

மல்டிமீட்டர் பதில் சொல்லும்

சாதாரண ஆக்ஸிஜன் சென்சாரில் பெரும்பாலும் நான்கு ஒயர் இருக்கும். அதில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்கள்தான் ஹீட்டர். பாஷ் வகையில் அவை பெரும்பாலும் வெள்ளை, டென்சோ வகையில் பெரும்பாலும் கறுப்பு. இது சென்சார் பக்கத்து ஒயரின் நிறம். கார் பக்கத்து ஒயரில் வேறு நிறங்கள் இருக்கும், அதை வைத்துக் குழம்ப வேண்டாம். வைட்பேண்டில் ஒயர் எண்ணிக்கை அதிகம் இருக்கலாம், அதற்கு மேனுவல் பார்த்தே ஆக வேண்டும்.

கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து, சென்சார் பக்கத்தில் அந்த இரண்டு ஹீட்டர் பின்களுக்கு இடையே அளவிடுங்கள். ஆறிய சென்சாரில் பொதுவாக ஒற்றை இலக்கத்திலிருந்து 10, 15 ஓம் வரை காட்டும். வைட்பேண்டில் 2, 3 ஓம்கூட சரிதான். மீட்டர் ஒன்றுமே காட்டாமல் 'ஓப்பன்' என்றால் ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். ஹீட்டர் பின்னுக்கும் சென்சாரின் இரும்பு உடம்புக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது, அதையும் ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது அளந்தால் ஓம் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஓம் அளவு சரியாக இருக்கிறதா? அப்படியானால் சென்சாரை விட்டுவிட்டு, கார் பக்கத்து கனெக்டருக்குப் போங்கள். ஹீட்டருக்கான இரண்டு பின்களில் ஒன்றில் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வரும். மற்றொன்றை ஈசியூ உள்ளிருந்து எர்த் செய்யும். அதாவது ஸ்விட்ச் இருப்பது எர்த் பக்கத்தில். பல கார்களில் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது, எஞ்சின் ஓடினால்தான் ஹீட்டர் வேலை செய்யும். ஒயர்களைச் சுழலும் பெல்ட், ஃபேனிலிருந்து தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் காட்டியும் ஏமாற்றும் ஒயர்

அனுபவம் உள்ளவர்களே சறுக்கும் இடம் இது. மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது, ஓம் சரி, ஆனாலும் கோடு திரும்பத் திரும்ப வருகிறது. "அப்போ ஈசியூ போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ரொம்ப ரொம்பக் கம்மி. எட்டு இழை அறுந்து ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டருக்கு 12 வோல்ட் காட்டிவிடும். ஆனால் 10 ஓம் ஹீட்டருக்கு 1.2 ஆம்பியர் வேண்டும். அந்தக் கரண்ட் ஓடத் தொடங்கியதும் களிம்பு பிடித்த பின்னிலோ, அறுந்துபோகும் நிலையில் இருக்கும் ஒயரிலோ வோல்டேஜ் விழுந்துவிடும். வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க ஒரு சொட்டு போதும், ஆனால் பக்கெட் நிரம்புமா என்பது திறந்துவிட்டால்தான் தெரியும், அந்த மாதிரி.

அதனால் பல்பு வைத்துப் பாருங்கள். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பை எடுத்து, ஒரு முனையை 12 வோல்ட் வரும் பின்னிலும், மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் கொடுங்கள். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் சப்ளை ஒயர் நன்றாக இருக்கிறது. மங்கலாக எரிந்தால் பேட்டரியிலிருந்து கனெக்டர் வரை எங்கோ தடை.

எர்த் பக்கத்துக்கு இவ்வளவு பெரிய பல்பு வேண்டாம், ஈசியூவுக்கு ஆகாது. 5 வாட் பல்பை ஹீட்டரின் இரண்டு பின்களுக்கும் நடுவே மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். எரிந்தால் ஈசியூ தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு மின்னுவதும் மங்கலாக எரிவதும் இங்கே பிரச்சினை இல்லை. ஹீட்டரை ஈசியூ நொடிக்குப் பல முறை ஆன், ஆஃப் செய்துதான் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது. குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நொடிகள் பொறுத்துப் பாருங்கள். பைப்பில் படிந்த ஈரம் பீங்கானை உடைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சில கார்களில் ஹீட்டர் மெதுவாகவே தொடங்கும்.

சப்ளை சரி, பல்பு மட்டும் எரியவே இல்லை என்றால், அந்த ஒயர் ஈசியூ வரை அறுபடாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரி என்றால்தான் ஈசியூவைப் பற்றிப் பேச்சே எடுக்கலாம். அது நல்ல எலக்ட்ரீஷியனின் வேலை. இந்தக் கட்டத்தில் வீட்டில் பரிசோதனை வேண்டாம். ஒன்று மட்டும்: எந்தச் சோதனையிலும் சென்சாரின் சிக்னல் ஒயரில் 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். நன்றாக இருந்த சென்சாரும் போய்விடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்?

ஹீட்டர் உண்மையிலேயே அறுந்திருந்தால் அதை மட்டும் மாற்ற வழியில்லை, முழு சென்சாரும்தான். காரின் மாடலுக்கான பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். ஒயரை வெட்டி ஒட்ட வேண்டிய 'யுனிவர்சல்' சென்சார் விலை குறைவுதான், ஆனால் ஹீட்டர் ஓம் அளவு பொருந்தாவிட்டால் ஈசியூ மறுபடி அதே கோடைப் போடும்.

ஒயரை ஒட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயர் இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. சென்சார் பக்கத்து ஒயரில் ஈயம் வைத்து சால்டரிங் செய்தாலோ, கனெக்டரில் கிரீஸ் அடைத்தாலோ அந்த வழி அடைபடும். ஹீட்டர் சரியாகி, சிக்னல் கெட்டுப்போகும்!

கழற்றும்போது எஞ்சினைச் சற்று வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டால் திருகு எளிதாக இளகும். பெரும்பாலானவற்றுக்கு 22 எம்எம் ஸ்பேனர். ஒயருக்கு இடம்விட்டு வெட்டப்பட்ட சென்சார் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. புது சென்சாரின் மரையில் கம்பெனியே பேஸ்ட் தடவித் தந்திருக்கும். தனியாகத் தடவினால் மரையில் மட்டும், முனையில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஸ்கேனரில் கோடை அழித்தவுடன் லைட் அணைந்துவிடும். அதைக் காட்டி "ரெடி சார்" என்றால் நம்பிவிடாதீர்கள். பழுது அப்படியே இருந்தாலும் அழித்தால் அணையும். பல கார்களில் தொடர்ந்து இரண்டு முறை ஓட்டும்போதும் கோளாறு தெரிந்தால்தான் லைட் மறுபடி எரியும். சித்தப்பாவுக்கு மூன்று நாள் நிம்மதி கிடைத்தது இதனால்தான்.

காரை இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஆப்பில் 'பெண்டிங்' கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். லைட் எரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும். லைவ் டேட்டாவும் பார்க்கலாம். சாதாரண வகை முதல் சென்சார் ஒரு நிமிடத்துக்குள் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மேலும் கீழும் துள்ளத் தொடங்கினால் ஹீட்டர் வேலை செய்கிறது. இரண்டாவது சென்சார் அப்படித் துள்ளாது. அது பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்பதுதான் சரி.

ஒர்க் ஷாப்பில் விடுகிறவர்கள் மூன்றே கேள்வி கேளுங்கள்: கோடு நம்பர் என்ன, ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது, கனெக்டரில் பல்பு எரிந்ததா? மாற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பா வாங்கி வந்ததை நாங்கள் மீட்டரில் வைத்துப் பார்த்தோம், 9 ஓம். பேப்பரில் சுற்றி டிக்கியில் ஸ்பேராகப் போட்டு வைத்திருக்கிறார்.